சீமை என்னும் முன்னொட்டு

சீமைக் கருவேலம் என்ற பெயரில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. இது வெளியிலிருந்து வந்தது என்பது ஒன்று. இது நம்முடைய கருவேல மரத்துக்கு உறவு என்பது இன்னொன்று. புதிதாக ஊருக்குள் வந்தவரை “இன்னார் வீட்டு ஒறமொறை” என்று சொல்லி அடையாளப்படுத்துவதுபோல, முள்ளையும் இலையையும் பார்த்து நம் ஆட்கள் வைத்த பெயர். சீமை அகத்தி, சீமை இலந்தை என்று இப்படி நிறைய உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் அந்த உறவுமுறையும் கிடையாது, வெறும் ‘வேலிகாத்தான்’தான். அதில் பிறப்பும் இல்லை, வம்சமும் இல்லை, செய்யும் வேலை மட்டும் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில் ஏரிக்கரை, புறம்போக்கு, விற்காத மனைகள் எங்கும் அதுதான் நிற்கிறது.

கடந்த சில ஆண்டுகளாக, செடிகளின் வம்சாவளியை மரபணுவை வைத்துத் தேடுகிறவர்கள் எழுதுவதை ஒரு ஆர்வத்தில் படித்து வருகிறேன். நான் தாவரவியல் படித்தவனல்ல. ஆனால் படிக்கப் படிக்க, இது தாவரவியலோடு நிற்கிற விஷயமில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு உயிர் எங்கிருந்து வந்தது, யாருக்குச் சொந்தம் என்பது துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அது இங்கே இருக்கலாமா கூடாதா என்பதும் தெரிந்துவிடுமா? இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் இந்த வம்சாவளியை எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைக்கின்றன. மூன்றில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை. மூன்று பேர் தனித்தனியாக அதே பிழையைச் செய்திருப்பார்கள் என்பதைவிட, அந்தப் பிழையுள்ள ஏதோ ஒரு மூலச் சுவடியைப் பார்த்து மூன்றும் எழுதப்பட்டன என்று கொள்வதுதான் பொருத்தம். அப்படிப் பிழைகளைக் கோத்துக்கொண்டே போனால் சுவடிகளின் குடும்ப மரம் வந்துவிடும். டி.என்.ஏ.வும் படியெடுக்கப்படும் ஒரு எழுத்துதான். படியெடுக்கையில் நேர்ந்து, பிறகு திருத்தப்படாமல் சந்ததிக்குப் போன மாற்றங்களைத்தான் இவர்கள் ஒப்பிடுகிறார்கள். இரண்டு துறைகளும் எவ்வளவு நெருக்கம் என்றால், 1998இல் ஆங்கிலக் கவி சாசரின் ‘கான்டர்பரி கதைகள்’ சுவடிகளை உயிரியல்காரர்களின் மென்பொருளிலேயே போட்டு வரிசைப்படுத்தி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். செடிகளுக்கு, மூலிகையகத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன் ஒட்டிவைத்த காய்ந்த இலையின் ஒரு துணுக்கே பல சமயம் போதும்.

இந்த முறையில் நம் வேல மரங்களைப் படித்தபோது என்ன ஆயிற்று என்பது ஒரு தனிக் கதை. கருவேல், வெள்வேல், குடைவேல் எல்லாமே நெடுங்காலம் ‘அக்கேசியா’ என்ற பேரினத்தில் இருந்தன. உலகம் முழுக்க 1,300க்கு மேல் இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. மரபணுவைப் பார்த்தால் அது ஒரே குடும்பமாக இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆயிரம் இனங்கள் ஒரு கிளை. நம் கருவேலும் ஆப்பிரிக்க முள்மரங்களும் இன்னொரு கிளை. கருங்காலி இருப்பது மூன்றாவது. அப்படியென்றால் பேரினத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பழைய பெயர் யாருக்கு?

வழக்கமான விதிப்படி கருவேலுக்குத்தான். அந்தப் பெயருக்கே மூல மாதிரி அதுதான். எகிப்திய முள்மரத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர். முள் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆஸ்திரேலிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே இல்லை. ஆனால் ஆயிரம் மரங்களின் பெயரை மாற்றுவதா, நூற்றுச் சொச்சம் மரங்களின் பெயரை மாற்றுவதா என்று வாதம் வந்தது. 2005இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் ஓட்டுக்கு விட்டார்கள். பெயரை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுப்பதற்கு எதிராகப் பாதிக்கு மேல், ஏறத்தாழ 55 சதவீதம் விழுந்தது. குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேண்டும் என்று விதி. ஆகவே பெரும்பான்மை எதிர்த்தும் பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 2011இல் மெல்போர்னில் அதை உறுதியும் செய்தார்கள். கருவேலுக்கு இன்றைய பெயர் ‘வாக்கெல்லியா’. 1834இல் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், மக்காவில் இருந்த வாக்கெல் என்ற பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர் அது. வைட் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள் வரைந்த செடிப்படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஓவியர்களின் பெயரில் மரமில்லை, பாதிரியாருக்கு உண்டு. அதை விடுங்கள். நான் கவனித்தது வேறு. மரபணு குடும்பத்தைப் பிரித்துக் காட்டியது. பெயர் யாருக்கு என்பதை அது சொல்லவில்லை. அதற்கு மனிதர்கள் கூடிக் கைதூக்க வேண்டியிருந்தது.

சீமைக் கருவேலம் ஒருநாளும் கருவேலின் கிளையில் இருந்ததில்லை. தாவரவியலில் அது வன்னியோடு ‘புரோசோபிஸ்’ என்ற பேரினத்தில் இருந்தது. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த வன்னி, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தலமரமான வன்னி, அதுவும் ஏரிக்கரை வேலிகாத்தானும் ஒரே பேரினம்! 2022 வரை அப்படித்தான். அந்த ஆண்டு, ஏறக்குறைய ஆயிரம் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகளின் அடிப்படையில் அந்தப் பேரினத்தை நான்காக உடைத்தார்கள். வன்னியும் அதன் மிகச் சில ஆசிய உறவினங்களும் பழைய பெயரை வைத்துக்கொண்டன. அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவை ‘நெல்டுமா’ ஆகிவிட்டன. வேலிகாத்தான் அதில்தான். வன்னியும் அதுவும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். கல்லூரி ஆசிரியர், ஏரி மீட்பில் தீவிரமாக இருப்பவர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பாத்தீங்களா, அது நம்மாளே கிடையாது. சயின்ஸே சொல்லிருச்சு” என்றார். அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது. 2021இல் வன்னிக்குப் பங்காளியாக இருந்தபோது அந்த மரம் குடித்த தண்ணீரும் அடைத்த வாய்க்காலும் எவ்வளவோ, 2022இலும் அவ்வளவுதான். பெயர் மாறியதில் அதன் குற்றம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அந்த மரம் வந்த வழி ஆவணத்தில் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வடக்குச் சரகத்தில் வனக் காப்பாளராக இருந்த கர்னல் பெட்டோம் 1876இல் விதை கேட்டு அரசுக்கு எழுதினார். மறு ஆண்டு கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். கிராமங்களில் இதைக் காமராஜர் காலத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக, வறண்ட நிலத்துக்கு வேலியாக, அரசே கொண்டுவந்து அரசே பரப்பிய மரம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அடியோடு அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. சில மாதங்களில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. அந்தச் சில மாதங்களில் வாட்ஸாப்பில் வந்தவற்றை நினைத்துப் பார்க்கிறேன். காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பறவை உட்காராது, பெண்களுக்குக் கருத்தரிக்காது. விதை கேட்டு எழுதியவர், நட்டவர், திட்டம் போட்டவர் யாரும் அந்தச் செய்திகளில் இல்லை. மரமே சதிகாரன் ஆகிவிட்டது. ‘சீமை’ என்ற சொல், தகவலாக இருந்தது போய்க் குற்றச்சாட்டாக மாறியது அப்போதுதான்.

இப்படிச் சொல்வதால், எங்கிருந்து வந்தால் என்ன, வேர்விட்டதெல்லாம் நம்முடையதே என்ற இன்னொரு சுலபமான பதிலுக்கு நான் வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் சோம்பேறித்தனம்தான். அதற்குக் காரணம் சொல்ல, குவீன்ஸ்லாந்து வரை போக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவி, புல்வெளியை அழித்துக்கொண்டிருக்கும் ஒரு முள்மரம் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களை என்று அரசு பட்டியலிட்டிருக்கிறது. ஆட்டுக்கு நிழலாகவும் தீனியாகவும் இருக்கட்டும் என்று நட்டது, மாடுகள் நெற்றைத் தின்று விதையைப் பரப்பப் பரப்ப, கை மீறிவிட்டது. அந்த மரம் எது தெரியுமா? நம்முடைய கருவேலம். 1890களில் இங்கிருந்து போனது. நமக்கு வேலிகாத்தான் எப்படியோ அவர்களுக்கு நம் கருவேல் அப்படி. நம் ஊரில் பல்துலக்கவும் கலப்பை செய்யவும் ஆட்டுக்கு நெற்று உலுக்கவும் பயன்பட்டு, ஏரி நடுவில் நாரைக்கு இடம் கொடுத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் நிற்கிற மரம்.

கருவேலுக்குப் பல துணை இனங்கள் உண்டு, ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை. குவீன்ஸ்லாந்தில் இருப்பது எது? 2005இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, அது இந்தியா–பாகிஸ்தான் பகுதியின் ‘இந்திகா’ என்று உறுதிசெய்தது. இந்தப் பதிலுக்குப் பெரிய நடைமுறைப் பயன் இருந்தது. ஒரு செடி புது மண்ணில் கட்டுமீறிப் பரவுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அதைத் தின்னும் பூச்சியும் நோயும் பழைய ஊரிலேயே நின்றுவிடுவது. ஆகவே பழைய ஊர் எது என்று சரியாகத் தெரிந்தால்தான் அதன் எதிரிகளைத் தேட முடியும். 2008க்குப் பிறகு குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள், கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருவேல மரங்களில் பூச்சி தேடினார்கள். இங்கே அந்த மரம் சாதுவாக இருப்பதற்குக் காரணம் அதன் நல்ல குணமல்ல. நாம் கண்ணால்கூடப் பார்க்காத பூச்சிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைத் தின்று அடக்கிவைத்திருப்பதும் சேர்த்துத்தான்.

எனவே பிறந்த இடம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு உயிர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அது காரணம் சொல்கிறது. காரணத்தைச் சொல்வதும் தீர்ப்புச் சொல்வதும் வேறுவேறு வேலைகள். டாக்டர் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்பது உங்களைச் சிகிச்சையிலிருந்து விலக்க அல்ல. அதே கேள்வியை இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும்போது வயிறு கலங்குகிறது. கேள்வி ஒன்றுதான்.

வம்சாவளி உண்மையிலேயே கனமாகிற இடம் இதற்கு அடுத்த படி. பூச்சியைக் கண்டுபிடித்தாலும் அப்படியே கொண்டுபோய் விட்டுவிட முடியாது. அங்கே ஆயிரம் அக்கேசியாக்கள் இருக்கின்றன, அந்த நாட்டின் தேசியப் பூவே அதில் ஒன்று. பூச்சி அவற்றின் மேல் பாய்ந்தால்? அதனால் களையின் மிக நெருங்கிய உறவினங்களில் ஆரம்பித்து, தூரத்து உறவுகள் வரை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். எது நெருக்கம், எது தூரம் என்று சொல்வது மரபணு மரம். அக்கேசியா உடைந்தபோது அந்தச் சோதனைப் பட்டியலையே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் கருவேலத்தின் மேல் மட்டும் காணப்பட்ட ஒரு செதில்பூச்சி, அங்கே கூண்டுச் சோதனையில் ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் சிலவற்றிலும் வளர்ந்துவிட்டது. வெளியில் அப்படி நடக்காமலும் போகலாம். ஆனாலும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நம் பக்கத்துக்குத் திருப்பிப் பாருங்கள். நாளைக்கு யாராவது வேலிகாத்தானைத் தின்ன ஒரு பூச்சியை அமெரிக்காவிலிருந்து கொண்டுவரலாம் என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அது வன்னியைத் தொடுமா? என் நண்பருக்கு நிம்மதி தந்த அதே செய்தி, இரண்டும் தூரத்துச் சொந்தம்தான் என்பது, இங்கே வேறு விதமாகப் பயன்படுகிறது. ஆனால் தூரம் என்பது உறுதிமொழியல்ல, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்த மரக் கூட்டத்துக்கு எதிராக 1987 முதல் பூச்சியை விட்டார்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு: விதையை மட்டும் தின்கிற பூச்சி. மரத்தைக் கொல்லக் கூடாது, ஏனென்றால் அதன் நெற்றையும் நிழலையும் விறகையும் நம்பியிருக்கிற ஆட்கள் இருந்தார்கள். மரத்தை வேண்டாதவர்களும் வேண்டுகிறவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியதன் விளைவு அது. மரம் அவ்வளவாகக் கட்டுப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் அப்படி யாரிடம் கேட்டோம்? திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் வேலிகாத்தான் வெட்டிக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், “இது வெளிநாட்டு மரம்னு தெரியுமாம்மா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அபத்தமான கேள்வி என்று தெரிந்தது. அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “எங்கேர்ந்து வந்தா இன்னா சார். வெட்னா காசு, எரிச்சா சோறு. ஏரிக்கு ஆவாதுன்னு எனக்கும் தெரியும். எடுக்காதேன்னா சொல்றேன்? எடுங்க. எடுத்த எடத்துல இன்னா வெக்கப் போறீங்க, அத்தச் சொல்லுங்க மொதல்ல.” நீதிமன்ற உத்தரவு, அரசின் கொள்கை அறிக்கை, நான் படித்த ஆய்வுகள் எல்லாவற்றையும்விட அந்தக் கடைசிக் கேள்விதான் நியாயமான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். வேரோடு பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால், அடுத்த மழைக்கு விதைக்குவியலிலிருந்து அதே மரம்தான் வரும்.

கடற்கரைக்குப் போனால் ‘மண்ணின் செடி’ என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை மணல்மேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை அடும்பும் இராவணன் மீசையும். அடும்பு சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துச் செடி. நம்முடையது என்று ஒரு செடியைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். ஆனால் அதன் விதை உப்புநீரில் மிதந்து, முளைக்கும் திறனோடு இன்னொரு கரைக்குப் போகும். உலகின் வெப்பக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் படரும் அடும்பின் துணை இனத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான மரபணு ஆய்வு, பெருங்கடல்களைத் தாண்டியும் மரபணுக் கலப்பு நடந்துகொண்டே இருக்கிறது என்று காட்டியது. இந்தச் செடிக்குப் பூர்வீகம் என்று ஒரு ஊரைக் காட்ட முடியாது. கடற்கரை என்ற கோடுதான் அதன் ஊர். அதற்காக, மேகாலயாவில் சுமார் 5.8 கோடி ஆண்டு பழைய பாறையில் அடும்பின் குடும்பத்து இலைத்தடம் கிடைத்து 2018இல் செய்தி வந்தபோது, ‘இந்தியாவில் தோன்றிய குடும்பம்’ என்று பெருமைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு முழுதாக ஒட்டியே இருக்கவில்லை.

அடும்பின் பக்கத்திலேயே சவுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று இந்தக் கரையோரத்தில் ஏராளமாக நட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அலைத்தடுப்பு என்று மறுபடி நட்டார்கள். சவுக்குத் தோப்பு இல்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையை என் தலைமுறை கற்பனை செய்ய முடியாது. அதன் நிழலில் உட்கார்ந்து புளிசோறு தின்றிருக்கிறோம். (புளியும் ஆப்பிரிக்காதான். அதற்கு எதிராக யாரும் வழக்குப் போடவில்லை.) ஆனால் சவுக்கை அலைவாய்க்கு நெருக்கமாக நட்டால் சருகு மூடிய மணலில் அடும்பு வராது, பங்குனி ஆமை ஏறி முட்டையிட இடம் சுருங்கும். அதே சவுக்கு நாலு வயல் உள்ளே தள்ளி, பட்டா நிலத்தில், ஒரு குடும்பத்தின் கல்யாணச் செலவு. மரம் அதே மரம், வம்சம் அதே வம்சம். நூறு அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் நியாயம் மாறுகிறது. எந்த மரபணு வரிசையிலும் இந்த நூறு அடி எழுதப்பட்டிருக்காது.

மனிதர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், நானும் அப்படித்தான். யார் முதலில் வந்தார்கள், யார் எலும்பில் யார் மரபணு என்று ஒவ்வொரு ஆய்வு வெளியாகும்போதும் இரண்டு தரப்பும் பட்டாவைத் தேடுவதுபோல அதைப் புரட்டுகின்றன. செடிகளை வைத்து மனிதர்களுக்குப் பாடம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவேலத்துக்கு ஓட்டு கிடையாது, வேலிகாத்தான் வாடகை வீடு தேடுவதில்லை. மனிதர்களைக் ‘களை’ என்று பேச ஆரம்பித்தவர்கள் எங்கே போய் முடித்தார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. இவ்வளவு மட்டும் சொல்லலாம்: வம்சாவளி கையில் கிடைத்தவுடன் தீர்ப்பு எழுதக் கை பரபரக்கிறது. செடிகளில் அந்தப் பரபரப்பைப் பார்ப்பது கொஞ்சம் சுலபம், ஏனென்றால் நமக்கு அதில் சாதி இல்லை.

வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்கள் தாமாக முளைத்தவை என்றுதான் பார்க்க வருகிறவர்கள் நினைப்பார்கள். பறவைகள் கூடு கட்டட்டும் என்று நட்ட கன்றுகள் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டின் எத்தனையோ ஏரிகளுக்குள் விறகுக்காக வனத்துறை வரிசை வைத்து நட்டதும் இதே கருவேல்தான், அதுவும் ஒரு திட்டம்தான். இந்த ஆண்டும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்றில் வேலிகாத்தானை எடுக்கப் போவதாகப் பேச்சு. கரையில் பொக்லைன் வந்து நிற்கிறது. வெட்டிய மரத்தை எடுத்துக்கொள்ள ஏலம் எப்போது என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கன்றுகள் எங்கிருந்து வருகின்றன, என்ன கன்று என்று நான் கேட்டதற்கு, அதற்கு இன்னும் ‘எஸ்டிமேட்’ போடவில்லை என்றார் அங்கிருந்த ஒருவர்.